அம்மாவின் கட்டைவிரல்

எண்பதுகளின் நடுவில், லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் பம்பாயிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தான். மேலேயிருந்து முட்டை விழும். பொத்தானை அமுக்கிக் கூடையில் பிடிக்க வேண்டும். பத்தாவது முடித்து வீட்டிலிருந்த எனக்கென்றுதான் வாங்கினான். இரண்டே நாளில் அது அம்மா கைக்குப் போனது. திரும்பி வரவே இல்லை.

வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மத்தியானம் கண்ணயராத மனுஷி அவள். இப்போது கட்டிலில் குனிந்து உட்கார்ந்தால் எருமை கத்தும்வரை எழமாட்டாள். சோறு கேட்டால், "இரு சாமி, இந்த முட்டையப் புடிச்சுட்டு வாரேன்" என்பாள். கழுத்து பிடித்துக்கொள்ளும், கண்ணில் நீர் வழியும். விட்டால்தானே! அதற்கு முன் அவள் எதையும் விளையாடி நான் பார்த்ததே கிடையாது. சிரித்துக்கொண்டு நானே சோற்றைப் போட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் பால் கறக்க உட்கார்ந்தவள் செம்பை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். வலது கட்டைவிரலின் அடி வீங்கியிருந்தது. எங்கள் வீட்டில் கட்டைவிரலை மடக்கித்தான் கறப்பார்கள். அது மடங்கவில்லை. அந்த எருமையோ அம்மா கை தவிர வேறு கை பட்டால் உதைக்கும். நான் போய் முழங்காலில் வாங்கிக்கொண்டேன்.

ராசிபுரத்து டாக்டர், "என்னம்மா வேலை செய்யறீங்க?" என்றார்.

"பால் கறக்கறனுங்க."

"அதான். கைக்கு ஓய்வு குடுங்க."

வீடியோ கேமைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. விளையாட்டை யார் வேலையில் சேர்ப்பார்கள்?

அண்ணன் குதித்தான். "இன்னும் எதுக்கும்மா இந்த எருமையக் கட்டிக்கிட்டு அழுவற?" யாரோ ஒரு வியாபாரி வந்தார். விற்கும் மாட்டோடு பழைய கயிற்றைக் கொடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அம்மாவே அந்தக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, எருமையைப் புதுக்கயிற்றில் கட்டி, பாதைவரை நடத்திக் கொடுத்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. பொழுதாவது போகட்டும் என்று நான்தான் சேலத்துக் கடிகாரக் கடையில் கேமுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாள் முழுக்க ஓய்வு, நாள் முழுக்க முட்டை. வீக்கம் மணிக்கட்டுவரை ஏறியது.

பிறகு அந்த பேட்டரியும் தீர்ந்தது. கடையில் சரக்கு இல்லை என்றார்கள். கேம் அலமாரியில் கிடந்தது; வீக்கம் தானாக வடிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா காலிக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பழைய கயிறு. கட்டைவிரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

"நல்லா மடங்குது சாமி," என்றாள். "எருமைய வாங்கிட்டுப் போனவிய எந்த ஊருன்னு உங்கண்ணன் கேட்டு வெச்சானா?"

அவன் கேட்டு வைக்கவில்லை.