அத்தை சொன்ன ‘வாரேன்’

நேரில் கண்டதும் காதால் கேட்டதும் அன்றி வேறெதுவும் இக்கட்டுரையில் இடம்பெறாது. இதழியல் பயிலும் மாணவியாகிய என்னிடம், கழிந்த ஆண்டைத் திரும்பிப் பார்த்து, வரும் ஆண்டுக்கான நம்பிக்கையையும் சேர்த்து எழுதித் தருமாறு கல்லூரி இதழுக்குக் கேட்டிருக்கிறார்கள். இத்தகைய கட்டுரை ஒன்றைப் பள்ளிப் பருவத்திலேயே நான் எழுதியிருக்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் அது வெளிவந்த மறுநாளே என் அத்தை எங்கள் வீட்டைவிட்டுச் சென்றார். ஆகவே இம்முறை, தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்றே நிறுத்த விரும்புகிறேன்.

அப்போது நாங்கள் திருநகரில் குடியிருந்தோம். ஏழாம் வகுப்பில் படித்த என்னைப் பள்ளிச் சுவரிதழுக்கு மாணவ நிருபராக நியமித்து, மார்பில் குத்திக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். அதை நான் வீட்டிலும் கழற்றுவதில்லை. எந்தச் செய்தியையும் இருவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. விளையாட்டு விழா மழையால் நின்றுபோன செய்தியைக்கூட, நானே நனைந்து வந்திருந்தபோதிலும், வேறிருவரைக் கேட்டுத்தான் எழுதினேன்.

அத்தை, அப்பாவின் தங்கை. மாமாவுக்கு எழுமலையில் உரக்கடை. அந்த ஆண்டு ஆனி மாதத்தில் அப்பா அத்தையை அழைத்துவரப் போனபோது நானும் உடன் சென்றேன். எதற்காக அழைத்து வருகிறோம் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. அத்தை பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது, மாமாவின் முகத்தைப் பாராமல், ‘வாரேன்’ என்றார். மாமா தலையை மட்டும் அசைத்தார்.

எங்கள் மாடியறை அத்தையின் அறையாயிற்று. அரசுத் தேர்வுக்கான புத்தகங்களைத் தரையில் பரப்பிக்கொண்டு படிப்பார். மாலையில் எனக்குக் கணக்குச் சொல்லித்தருவார். ஒரு வேலை கிடைத்துவிட்டால் எந்த வீட்டிலும் ஒண்டியிருக்க வேண்டியதில்லை என்று அவர் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். மாமா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீடித்தார். அவரை நீக்கும் துணிவு எவருக்கும் இல்லை. நாள்தோறும் காலையில் பூப்படம் ஒன்றை வணக்கத்துடன் அனுப்புவார். அத்தை அதற்கு மறுமொழி இடுவதில்லை. குழுவைவிட்டு விலகவும் இல்லை.

உறவினர் வரும்போதெல்லாம், அத்தை எழுமலைக்கு எப்போது திரும்புவார் என்று தாழ்ந்த குரலில் அம்மாவிடம் விசாரிப்பார்கள். தெரியவில்லையே என்பார் அம்மா. பெரியவர் எவருக்கும் தெரியாத அந்தச் செய்தி என்னிடம் இருந்தது. நாள்தோறும் காலையில் ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டே நான் பள்ளிக்குப் புறப்படுவேன். மாலையில் தவறாமல் வந்துவிடுவேன். அத்தையும் மாமாவிடம் அதே சொல்லைத்தானே சொல்லிவிட்டு வந்திருந்தார். வீட்டைவிட்டு இறங்குகிறவர் ‘போறேன்’ என்று சொல்லலாகாது என்பதால்தான் எல்லாரும் அப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆண்டிறுதிச் சுவரிதழுக்கு நிருபர்கள் தத்தம் நினைவுகளையும் நம்பிக்கைகளையும் எழுத வேண்டியிருந்தது. அட்டையைச் சரிசெய்துகொண்டு மாடிக்குப் போனேன். அத்தை துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

“அத்தை, அன்னைக்கு மாமாகிட்ட வாரேன்னுதான சொன்னீங்க?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“வேற எதுவும் சொல்லலையே?”

“வேற என்னத்தச் சொல்ல? அம்புட்டுத்தேன்.”

அப்பாவிடமும் கேட்டேன். செய்தித்தாளிலிருந்து தலையெடுக்காமல், ஆமாம், அப்படித்தான் சொன்னாள் என்றார். உறுதியாயிற்று. ‘இந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை அத்தை எங்களோடு தங்கியது. வரும் ஆண்டில் அவர் எழுமலைக்குத் திரும்புவார், மாமாவிடம் அவ்வாறு சொல்லிவிட்டே வந்திருக்கிறார். அவர் போனபின் கணக்கு எனக்குத் தானாகவே வரவேண்டும் என்பது என் நம்பிக்கை.’ இவ்வாறு எழுதினேன். சுவரிதழைப் பார்க்க வந்த அப்பா, மகளின் பெயர் கண்ட பூரிப்பில், எழுதியதைப் படியாமலே படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டார்.

மறுநாள் காலைப் பூப்படம் வரவில்லை. மாமாவே வந்துவிட்டார். எழுமலையிலிருந்து இருசக்கர வண்டியிலேயே வந்திருந்ததால் தலைமுடியெல்லாம் புழுதி. கையில் ஒரு பை நிலக்கடலை. உட்காரச் சொல்லியும் உட்காராமல், கைப்பேசியை அத்தையிடம் நீட்டினார்.

“பிள்ள எழுதிருக்கு. நீ வாரேன்னுதேன் சொன்னியாம். நான்தேன் அத வெறும் பேச்சா நெனச்சுட்டேன்.”

அத்தை வாசித்தார். அம்மா என்னைப் பார்த்து, ஊர்ச்செய்தி எல்லாம் தீர்ந்துபோய் வீட்டுக்குள் வந்துவிட்டாயாக்கும் என்றார். அப்பா, “மாப்ள, அது சின்னப்பிள்ள, வெவரம் தெரியாம” என்று தொடங்கினார். அத்தை அவரைத் தடுத்தார்.

“விடுங்கண்ணே. நான் சொன்னதத்தான எழுதிருக்கா.”

பிறகு அவர்கள் இருவரும் மாடிக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். நெடுநேரம் கழித்து அத்தை பையோடு இறங்கி வந்தார். மாமாவின் கண்கள் சிவந்திருந்தன. புழுதியாலா என்று அன்று நான் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை. தேர்வுப் புத்தகங்களில் பாதியை மாமா கயிறு போட்டு வண்டியில் கட்டினார். மீதியை மாடி அலமாரியிலேயே விட்டுவிடும்படி அத்தை சொன்னார். வண்டியில் இடம் இருந்தது, நான் பார்த்தேன்.

வாசற்கதவருகே அத்தை என் அட்டையைத் தொட்டு நேராக்கினார். எங்கள் எல்லாரையும் பார்த்து, ‘வாரேன்’ என்றார்.

“எப்ப வாரீங்க, அத்தை?”

“கேக்குறா பாரு நிருபரு” என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நான் அழவில்லை. வருகிறேன் என்று சொல்லிச் சென்றவருக்காக எதற்கு அழ வேண்டும் என்று எண்ணினேன்.

அதன்பின் அத்தை தேர்வு எழுதினார். இரண்டாம் முறை தேறினார். இப்போது உசிலம்பட்டியில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறார். எழுமலையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் போய்வருகிறார். இவை உறுதியானவை. குழுவில் மாமாவின் பூப்படங்கள் இன்றும் வருகின்றன. அத்தையும் சில நாள் ஒரு பூ அனுப்புகிறார். மாடி அலமாரியில் அவர் விட்டுச்சென்ற புத்தகங்களை ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா தூசி தட்டி அதே இடத்தில் வைக்கிறார். அவற்றை அத்தை கேட்டதும் இல்லை, எடுத்துவிடுங்கள் என்று சொன்னதும் இல்லை.

வரும் ஆண்டில் எழுமலைக்குப் போய் அவரிடமே கேட்டுவிட வேண்டும் என்பது என் நம்பிக்கை. இதுவரை கேட்கவில்லை. மாடியறையில் அவர்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. எழுமலை வாசலில் சொன்ன ‘வாரேன்’, எங்கள் வாசலில் சொன்ன ‘வாரேன்’, இவ்விரண்டில் எது வழக்கம், எது வாக்கு என்பதும் தெரியாது.