கொம்பு விழுந்த நெடுகல்

சுந்தரேசன் எதை மொழிபெயர்த்தாலும் மனைவி விசாலாட்சிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே ம் கொட்டுவாள். தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்கேயாவது இடறினால் அந்த ‘ம்’ வராது, அவ்வளவுதான். அவர் நிறுத்திப் பின்னால் போய்ப் பார்ப்பார்; பிழை அங்கேதான் உட்கார்ந்திருக்கும். சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங் வீட்டில் காலமெல்லாம் இப்படியே ஓடியது.

அவள் இறந்துபோன பிறகு வந்த முதல் வேலை, லிட்டில் இந்தியாவில் ஒரு சின்னப் புகைப்படக் கண்காட்சி. தமிழ்நாட்டில் வேலி போட்டுப் பாதுகாக்கும் பெருங்கற்காலச் சின்னங்கள். இறந்தவர்களை நினைத்து என்றோ நிறுத்திய, ஆளைவிட உயரமான ஒற்றைக் கற்கள்; நெடுகல் என்பார்கள். சுந்தரேசன் குறிப்புகளைத் தமிழாக்கி, வழக்கம்போல் வாய்விட்டுப் படித்தார். ஒரு வரிக்கும் ‘ம்’ வரவில்லை. எல்லா வரியும் தப்பாகவே கேட்டது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டு, ஆனது ஆகட்டும் என்று அனுப்பிவிட்டார்.

கண்காட்சி திறந்த பிறகு எம்ஆர்டி ரயில் பிடித்துத் தனியாகப் போனார். மிகப் பெரிய படத்துக்குக் கீழே ‘நடுகல்’ என்று இருந்தது. நெடுகல் என்றிருக்க வேண்டும். ஒற்றைக் கொம்பு விழுந்துபோயிருந்தது. நடுகல் என்றால் வீரனின் உருவம் இருக்கும், பெயர் இருக்கும். இந்தக் கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. யாருக்காக நிறுத்தினார்களோ, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. விசாலாட்சியின் சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று. அவளுக்கென்று இந்த ஊரில் ஒரு கூழாங்கல்கூட இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது.

கண்காட்சியை நடத்தும் பவித்ராவிடம் அவரே போய்ச் சொன்னார். அவள் பதறவில்லை, மேலே ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றாள். இதே கற்களைப் பற்றி ஒரு கையேடும் வரப்போகிறது, அதையும் அவர்தான் எழுத வேண்டும், ஆனால் சரிபார்க்க இன்னொருவரைப் போடட்டுமா என்று தயங்கிக் கேட்டாள். படித்துச் சரிபார்ப்பதும் கைமாறிப் போனால் சுந்தரேசனுக்கு வீட்டில் வாயைத் திறக்கவே ஒரு காரணம் இராது. ஆள் வேண்டாம், போனில் படிக்கிறேன், நீ ம் கொட்டினால் போதும் என்றார்.

கையேட்டை முடித்ததும் படித்தார். பவித்ரா ஒவ்வொரு வரிக்கும் தவறாமல் ம் கொட்டினாள். நடுவில் வேண்டுமென்றே நெடுகல்லை நடுகல் என்று படித்தார். அதற்கும் ‘ம்’ வந்தது, முன்னதைவிட வேகமாக.

“சூப்பரா இருக்கு அங்கிள். அனுப்பிடுங்க லா.”

“அனுப்புறேன்மா. கொஞ்சம் லேட்டாகும்.”

“ஏன்? நான் ஒழுங்காத்தானே கேட்டேன்?”

“நீ நல்லாத்தாம்மா கேட்டே. எனக்குத்தான் இன்னும் தனியாப் படிக்கப் பழகல.”

போனை வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியை உரக்கப் படித்தார்.