மூன்றாம் சரணத்தில் நான் வாசிக்காத இடம்

மூன்று வருடங்களுக்கு முன், யூலை மாதத்து ஒரு சனிக்கிழமை. சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் ஆபிரிக்கப் பக்கமிருந்து ஷிரோக்கோ என்னும் வெக்கைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அது வந்தால் வானமும் கடலும் ஒரே மங்கல் மஞ்சளாகிவிடும். விழித்திருக்கிறோமா, மதிய நித்திரையில் கிடக்கிறோமா என்றே தெரியாது. பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால், நிலக்கீழ் அறையொன்றில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நானும் மனைவியும் என் பெடல் ஸ்டீல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம்.

கிட்டார் என்றதும் தோளில் மாட்டுவதை நினைக்காதீர்கள். இது கால் வைத்த மேசை. கம்பிகளின் மேல் இரும்புத் துண்டை வழுக்கிக்கொண்டே, கீழே பாதத்தால் மிதிகளையும் முழங்காலால் நெம்புகோல்களையும் இயக்க வேண்டும். ஒரு சுரம் அடுத்த சுரத்துக்குத் தாவாது, உருகி ஓடும். துறைமுகத்துக்கு வந்த கப்பலில் வாசித்த ஒருவர், ஊர் திரும்பும்போது எனக்கு விற்றுவிட்டுப் போனது. யாழ்ப்பாணத்தில் ஹவாயன் கிட்டார் பழகிய கை, சும்மா இருக்குமா? வாரநாட்களில் சின்யோராக்களின், அதாவது இத்தாலிய எசமானிகளின், வீடுகளில் தரை துடைப்பேன். தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் மனைவி பாட, நான் வாசிப்பேன். எனக்குத் தெரிந்து இந்த நகரில் வேறு யாரிடமும் இந்த வாத்தியம் இல்லை. அதனால் நாட்டுப்பாடல், கன்ட்ரி இசைத்தட்டுகளுக்கு என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள். தலைக்கனமும் கூடவே வந்து சேர்ந்தது.

அன்று பாடியவள் ஒரு சிசிலியப் பெண். இசைத்தட்டின் கடைசிப் பாட்டு, இறந்துபோன அவளுடைய தங்கையைப் பற்றியது. மூன்றாம் சரணத்தில் தங்கையின் பெயர் வரும். அங்கே வந்ததும் குரல் நின்றுவிடும். இரண்டு நாளாக இதே கதை. இன்றைக்கும் சரிவராவிட்டால் அந்தப் பாட்டையே விட்டுவிடுவதென்று ஒலிப்பதிவாளர் சொல்லிவிட்டார். அவள் தலையாட்டினாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் காப்பாற்றிவிடுவேன் என்று நினைத்தேன். அவள் குரல் தளரும் இடமெல்லாம் கம்பியை அழவைத்தேன். எனக்கே கண் கலங்குமளவுக்கு வாசித்தேன். நாலு தடவை பதிந்தோம். நாலு தடவையும் அவள் அதே இடத்தில் நின்றாள்.

இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து சோற்றுப் பெட்டியைத் திறந்தபோது, மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, கோயில்லை நான் மூச்செடுக்கேக்கை நீங்கள் பேசாமல் இருப்பியள். இஞ்சை அந்தப் பிள்ளை அழ முதல் நீங்கள் அழுறியள். பிறகு அவள் எங்கை போறது?"

"உமக்கு ஸ்டுடியோ வேலை விளங்காது," என்றேன்.

"ஓம், விளங்காதுதான்," என்றபடி சோற்றைப் பிசைந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால்தான் வந்தது. பாதிச் சோற்றோடு எழுந்து உள்ளே போனேன்.

ஐந்தாவது தடவை. மூன்றாம் சரணம் நெருங்கியது. ஒரேயொரு சுரத்தைப் பிடித்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிதியை மெல்ல மெல்லத் தளர்த்தினேன். சத்தம் முழுவதும் அடங்கியது. என் கை கம்பிக்கு மேல் அந்தரத்தில் நின்றது. வாசித்துவிடு, வாசித்துவிடு என்று விரல் துடித்தது. அந்த அமைதி எவ்வளவு நேரம் இருந்ததென்று இன்றும் எனக்குத் தெரியாது. கனவுக்குள் நிற்பதுபோல இருந்தது. அவள் மூச்செடுப்பது கேட்டது. பிறகு தங்கையின் பெயர் வந்தது, நடுங்கியபடி, ஆனால் முழுதாக. கடைசி வரி வரை அவள் போய்விட்டாள். நான் பின்னால் மெல்லச் சேர்ந்துகொண்டேன்.

அந்தப் பாட்டு இசைத்தட்டில் வந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மனைவி அதைப் போட்டுக் காட்டுவாள். மூன்றாம் சரணத்தில் கையை உயர்த்தி, "இதிலைதான் இவர் வாசிக்கேல்லை," என்பாள். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

போன வருடம், ஒரு காலைப்பொழுதில், மனைவியின் அம்மா காலமான செய்தி ஊரிலிருந்து வந்தது. குசினியில் தொலைபேசியைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆறுதல் சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். அடுப்பை அணைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்து அவள் மூச்சை இழுத்து, "அம்மா" என்று தொடங்கி, பின்னேரம் வரை கதைத்தாள். இடம் விடுவதை அவளிடமிருந்தே கற்றிராவிட்டால், அன்றும் நான்தான் முதலில் அழுதிருப்பேன்.