மச்சிட முப்பது நோம்பு

நகை நட்டு, வீடு வாசல் எண்டு பொறாமைப்பட ஆக்களுக்கு எவ்வளவோ இரிக்கு. நான் ஒருத்திட பசியப் பாத்துப் பொறாமைப்பட்டவ.

அவ, மவுத்தாகி மண்ணுக்குள்ள போன என்ட புருசன்ட தங்கச்சி. எனக்கு அவ மச்சி, அவவும் என்ன மச்சி எண்டுதான் கூப்பிடுவா. சண்டைக் காலத்துல மன்னார விட்டு வெளிக்கிடக்குள்ள ஒரே வள்ளத்துலதான் ரெண்டு பேரும் வந்த. இப்ப பாலாவிப் பக்கம் பக்கத்துப் பக்கத்து வளவு, நடுவுல ஒரு கிடுகு வேலி. சண்டை முடிஞ்ச பொறகு ஊருக்குத் திரும்பிப் போனவங்க போனாங்க. அவ போகல்ல. அதால நானும் போகல்ல. நான் போனா அவ இங்க நிம்மதியா இருந்திருவாளே!

எரிச்சல் நேத்து வந்ததில்ல. என்ட புருசன் கடலால வந்தா பாரை மீன்ட தலை தங்கச்சி வீட்டுக்குப் போகும், வால் எனக்கு. கேட்டா, "அவ சின்னப்புள்ள" எண்டுவார். அந்தச் சின்னப்புள்ளைக்கு அப்பவே மூண்டு புள்ள.

சீனி வருத்தம் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே வருசத்துல வந்திச்சு. பொய் சொல்லக்கூடாது, எனக்குச் சந்தோசமாத்தான் இருந்திச்சு. ஒரே பஸ்ஸுல கிளினிக் போறது, ஒரே வாங்குல குந்துறது. மருந்து குடுக்கிற ஜன்னலுக்குப் போனாத்தான் வயிறு எரியும். அவவுக்கு ஒரேயொரு குளிசை, இரவைக்குச் சாப்பிட்ட பொறகு. எனக்குப் பெரிய வெள்ளைக் குளிசை மூண்டு நேரம், சின்னக் குளிசை மூண்டு நேரம். நான் படிச்சது ரெண்டாம் வகுப்பு. கடுதாசி உறையில எழுதிரிக்கிறது எனக்கு வெளங்காது, அதால நானே பேர் வச்சன். பெரிசு மாப்பிள, தொண்டையில மாட்டிக்கொண்டு லேசுல எறங்க மாட்டார். சின்னது கள்ளன், சத்தமில்லாம உள்ள போய் சீனியத் தூக்கிக்கொண்டு ஓடுறவன்.

"மச்சி, ஒங்களுக்குக் கனக்க மருந்து தாராங்க," எண்டா அவ பஸ்ஸுல.

"என்னில டொக்டருக்கு எரக்கம் கூட. ஒனக்கு ஒண்டு காணும் எண்டு தொரத்தி விட்டிரிக்கா."

சிரிச்சா. எனக்கு அந்தச் சிரிப்பும் எரிஞ்சிச்சு.

நோம்பு வர முந்தின கிளினிக்ல டொக்டர் எல்லாரிட்டயும் விசாரிச்சா. சிங்களப் புள்ள, தமிழ உடைச்சு உடைச்சுக் கதைக்கும். மச்சிட கிளினிக் கொப்பியப் பாத்து, "நீங்க நோம்பு பிடிக்கலாம். நோம்பு தொறந்து சாப்பிட்டுக் குளிசை போடுங்க" எண்டா. என்ட கொப்பிய மட்டும் முன்னுக்கும் பின்னுக்கும் பிரட்டினா.

"அம்மா, ஒங்களுக்கு எபா. இந்தச் சின்னக் குளிசை போட்டுப் பட்டினி கிடந்தா விழுவீங்க. எபா."

சிங்களத்துல வேணாம் எண்டா அதுக்கு மேல கதையில்ல. மௌலவியும் அதத்தான் சொன்னார், "வருத்தக்காரிக்கு மார்க்கத்துல எடமிருக்கு, நோம்புக்குப் பதிலா ஏழைக்குச் சாப்பாடு குடுங்க" எண்டு. குடுத்தன். ஆனா மனசு அடங்கணுமே.

நோம்பு மாசத்துப் பகல்ல தின்றது லேசுப்பட்ட வேலையில்ல. குசினிக் கதவச் சாத்திக்கொண்டு, பாண் துண்டப் பருப்புல தொட்டு, களவு தின்னுற பூனை மாதிரி முழுங்கணும். பொறகு மாப்பிளயப் போட்டுத் தண்ணி குடிக்கணும், அதுவும் சத்தமில்லாம. வேலிக்கு அங்கால மச்சிட சொண்டு காய்ஞ்சு வெடிச்சிரிக்கும். வாற போற பொம்புளையள் எல்லாம், "இந்த வயசுலயும் ஒண்டு விடாமப் பிடிக்கிறா" எண்டு அவவப் பாப்பாங்க. பொறகு என்னப் பாப்பாங்க. "நீங்க?" எண்டு கேக்க மாட்டாங்க. கேட்டாலும் பரவால்ல, அந்தக் கேக்காததுதான் குத்தும். அவட காய்ஞ்ச சொண்டு எனக்கு வேணும் போல இருந்திச்சு.

பன்னெண்டு நோம்பு பொறுத்தன். பதின்மூண்டாம் நோம்புக்கு விடிய முந்தி ஸஹருக்கு எழும்பிச் சோறு திண்டு, நானும் நோம்பு எண்டு நிய்யத் வச்சன். ஒருத்திக்கும் சொல்லல்ல. பகலைக் குளிசைய என்ன செய்யிற எண்டுதான் யோசிச்சன். பாலாவிச் சந்தியில லொறிக்காரங்க தூரப் பயணத்துக்கு எண்ணைய முதல்லயே நிரப்புறாங்கதானே? நானும் காலக் குளிசையோட பகலைக் குளிசையயும் சேத்துப் போட்டன். ரெண்டு கள்ளன், ரெண்டு மாப்பிள. என்ட மூளைய நானே மெச்சிக்கொண்டன்.

பகல் ளுஹர் தொழுகை வரைக்கும் ராணி மாதிரித் திரிஞ்சன். சொண்டு காய்ஞ்சிட்டுது எண்டு தெரிஞ்ச உடன வேலியடியில போய் நிண்டன், அவ பாக்கட்டும் எண்டு.

"மச்சி, ஏன் சொண்டு காய்ஞ்சிரிக்கு?"

"காத்து," எண்டன்.

பின்னேரம் அஸருக்குப் பொறகு சீமெந்துத் திண்ணையில நிக்கக்குள்ள கை நடுங்கத் தொடங்கிச்சு. குளிச்சவ மாதிரி வேர்த்துக் கொட்டிச்சு. வேலி ரெண்டாத் தெரிஞ்சிச்சு, வேலிக்கு அங்கால மச்சியும் ரெண்டு. ஒருத்தியவே பொறுக்க ஏலாது, அதுல ரெண்டாம்! அதுக்குப் பொறகு நிலந்தான்.

கண் கொஞ்சம் தொறந்தா என்ட தலை அவட மடியில. எப்பிடி வேலியத் தாண்டினா எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஒரு கையால தலையத் தாங்கிக்கொண்டு மத்தக் கையில கோப்பை.

"வாயத் தொறங்க மச்சி."

"நோம்பு," எண்டன். "பாங்குக்கு... இன்னும் கொஞ்சந்தான்."

"எத்தின குளிசை போட்டீங்க?"

விரல் ரெண்டக் காட்டினன். பல்ல இறுக்கிக் கடிச்சுக்கொண்டன்.

"தொறடி வாய!"

இத்தின வருசத்துல என்ன அவ டீ போட்டுப் பேசினதில்ல. பயத்துல வாய் தானாத் தொறந்திட்டுது. ஆனா அதுக்கு முந்தி ஒண்டக் கண்டன். அந்தச் சீனித் தேத்தண்ணிய அவ தன்ட வாயில வச்சா. ஒரு முடறு. அவட தொண்டை ஏறி எறங்கிச்சு. பொறகுதான் எனக்கு ஊத்தினா.

ஓட்டோவுல ஆசுபத்திரி. "எபா எண்டன்தானே அம்மா," எண்டு டொக்டர் ஏசினா. போட்ட கள்ளன் ரெண்டும் ஒடம்ப விட்டுப் போகும் மட்டும் அனுப்ப ஏலாது எண்டு ரெண்டு நாள் வாட்டுல வச்சாங்க. செத்துப் பொழைச்சவ என்னத்த நெனைக்கணும்? நான் நெனைச்சது ஒண்டே ஒண்டு. மச்சிக்கு முப்பதில்ல, இருபத்தொம்பது!

பெருநாளண்டு மச்சிட வீடு நெறயச் சனம். "முப்பதும் பிடிச்சிட்டீங்க, மாஷா அல்லாஹ்" எண்டு எல்லாரும் அவட கையப் பிடிச்சாங்க. அவ ஓம் எண்டும் சொல்லல்ல, இல்ல எண்டும் சொல்லல்ல, வட்டிலாப்பம் வெட்டிக்கொண்டே இருந்தா. என்ட நாக்கு நுனியில அந்த இருபத்தொம்பது துடிச்சிச்சு. அவ ஊத்தின தேத்தண்ணி குடிச்ச வாய்தானே, கொஞ்சம் வெக்கப்பட்டிருக்கும். சொல்லல்ல.

பெருநாள் முடிஞ்சு ஒரு கிழமை இருக்கும், சீனியில்லாத தேத்தண்ணி ரெண்டு கோப்பை ஊத்திக்கொண்டு அங்கால போனன்.

"வேணாம் மச்சி."

பாத்தன். "ஏன் சொண்டு காய்ஞ்சிரிக்கு?"

"காத்து," எண்டா.

எனக்கு வெளங்கிட்டுது. "முறிஞ்ச நோம்புக்குப் பதிலா களா நோம்பா பிடிக்கிறாய்? அண்டைக்கு நீ குடிச்சத நான் கண்டன். மறதியில குடிச்சா நோம்பு முறியாதுதானே."

"மறக்கல்ல. சீனி கரையணும் எண்டு சுடுதண்ணியில கலக்கினன். சூடு பாக்காம ஊத்தி ஒங்கட வாய் வெந்தா?"

"அப்ப துப்பியிருக்கலாமே."

"துப்பத் திரும்பினா ஒங்கட தலைய விடணும் மச்சி. சீமெந்துத் தரை."

வாய்க்காரி எண்டு பேர் எடுத்தவ நான். ரெண்டு கோப்பையயும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தன்.

இப்ப குளிசைய மூண்டு நேரமும் நேரத்துக்குப் போடுறன். நோம்பு மாசத்துலயும் போடுறன், குசினிக் கதவையும் சாத்திறதில்ல. அவ பிடிச்ச இருபத்தொம்பதையும் விட்டிரலாம், பசி கிடந்தா, எடுத்திட்டுப் போகட்டும். அந்த முறிச்ச ஒண்டுதான் என்னத் தின்னுது. அதுக்கு அல்லாஹ் எவ்வளவு நன்மை எழுதியிருப்பான் எண்டு நெனைச்சா மாப்பிள தொண்டைக்குள்ளயே நிண்டிருறார். பாரைத் தலையெல்லாம் காணாதெண்டு, கடைசியா என்ட தலைய வச்சும் நன்மைய எடுத்திட்டாளே!