கிணற்றுக்குள் மயங்கி விழுந்த அப்பாவைக் கர்த்தர் திருப்பித் தந்தார்

அந்தப் பஞ்ச காலத்தில் எங்கள் வீட்டில் பசியைவிடப் பயம்தான் அதிகம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்குப் பதினாறு வயது. தென்காசிக்குக் கிழக்கே எங்களுக்குக் கொஞ்சம் தோட்டமும், வாய் குறுகலான ஒரு கிணறும் இருந்தன. குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொல்வார்கள். எங்கள் பக்கம் புழுதிக்காற்று மட்டும்தான். தோட்டத்தை ஒட்டிய குளம் வறண்டு தரை வெடித்தது. மிளகாய் நாற்று கருகியது. தீவனம் இல்லாமல் உழவு மாடுகளை விற்றோம். அடுத்து என்ன போகுமோ என்று பயந்துகொண்டேதான் தினமும் எழுந்திருப்பேன். குளத்தை நிரப்பித் தாரும் என்று ஜெபித்து ஜெபித்து அலுத்துப்போய், ஆண்டவருக்குக் காது கேட்கவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

அப்பா கிணற்றை ஆழப்படுத்த ஆரம்பித்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாறையில் குழி போட்டு வெடி வைத்தார். மறுநாள் ஓய்வுநாள். அன்று கோயிலுக்குப் போவோமே தவிர மண்வெட்டியைத் தொட மாட்டோம். ஆடு ஏதும் விழுந்துவிடக் கூடாதே என்று கிணற்று வாயைப் பனையோலையால் நன்றாக மூடிவிட்டு வந்தார். வெடிப்புகையும் உள்ளேயே அடைந்து கிடக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையில் அப்பா ஓலையை விலக்கி, இடுப்பில் வடத்தைக் கட்டினார். முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பது வழக்கம். அணைந்துவிட்டால் ஆள் இறங்கக் கூடாது.

"வெளக்க எறக்கிப் பாத்துட்டு எறங்குங்களேன்" என்றாள் அம்மா.

"ஒரு நாளு முழுக்கப் போயாச்சுல்லா. பொக இன்னுமா இருக்கும்?" என்று இறங்கிவிட்டார் அப்பா. பிடிவாதத்துக்குப் பேர் போன மனிதர்.

கொஞ்ச நேரம் கடப்பாரைச் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். அப்பா பாறைமேல் குப்புறக் கிடந்தார். "யப்பா!" என்று கத்தினேன். அசையவில்லை. அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கப் போனாள். அவளை இழுத்துப் பிடித்தேன். இரண்டு பேரையும் இழந்துவிடுவேன் என்ற பயம் எனக்கு. அப்பா இடுப்பில் கட்டிய வடம் உருளையில்தான் கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். அப்பா ஓராள் உயரம் மேலே வந்தார். கை வழுக்கியது. மறுபடியும் கீழே போய்விட்டார். எனக்குக் கைகால் வெடவெடவென்று நடுங்கியது. சுற்றிலும் ஈ காக்கை இல்லை. காய்ந்த தோட்டத்துக்கு யார் வருவார்கள்? "ஆண்டவரே, அப்பா…" என்றேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அவ்வளவுதான் என் ஜெபம்.

"ஏ புள்ள, என்னாச்சு?"

திரும்பினேன். தலையில் துணி மூட்டையோடு ஒரு பாய் ஓடி வந்தார். ஊர் ஊராகக் கைலி விற்கிறவர். நாங்கள் முன்பின் பார்த்ததில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தவர் மூட்டையைத் தூக்கி எறிந்தார்.

"நான் முன்னால இழுக்கேன். நீங்க பின்னால புடிச்சிக்கிடுங்க. விட்றாதீங்க!"

மூன்று பேரும் இழுத்தோம். அப்பா மேலே வந்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. செத்துவிட்டார் என்றே நினைத்தேன். பாய் அவரைப் புரட்டிப் போட்டு நெஞ்சைத் தேய்த்தார். அப்பா இருமினார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! அதைப் போல இனிமையான சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

"இந்தப் பக்கம் எப்பிடி வந்திய?" என்று அம்மா அழுதுகொண்டே கேட்டாள்.

"கொளத்துக்குள்ள குறுக்க வந்தேன் தாயி. தண்ணி கெடந்திருந்தா ரோட்டச் சுத்தில்லா போயிருப்பேன்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நிரப்பித் தாரும் என்று நான் மன்றாடிய அதே குளம்! அதன் வெடித்த தரையில்தான் ஆண்டவர் அவரை நடத்திக் கொண்டுவந்தார்.

மழை அடுத்த வருஷம்தான் வந்தது. அப்பா அதற்குப் பிறகு விளக்கை இறக்காமல் கிணற்றில் இறங்கியதே இல்லை. கிறிஸ்துமஸ் பலகாரம் முதலில் பாய் வீட்டுக்குத்தான் போகும். நானும், கேட்டது கிடைக்கவில்லை என்று ஆண்டவரிடம் சண்டை போடுவதை விட்டேன்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் கிணற்றை எட்டிப் பார்ப்பேன். பயத்தில் இருக்கிற சகோதர சகோதரிகளே, மனம் தெளிந்தபிறகு நல்ல வார்த்தையாகச் சேர்த்து ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே கூப்பிடுங்கள். என் பாதி ஜெபத்துக்கு அவர் அப்பாவை முழுசாகத் திருப்பித் தந்தார்.