உப்பளக்காரர் வீட்டுக் கதவைக் குளிப்பாட்டிய கதை

என்னை நானே பாலிஷ் மேஸ்திரி என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்த மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்த ஒருவர் வீட்டு வாசற்கதவு. அன்னமும் கொடியும் செதுக்கிய பழைய இரட்டைக் கதவு. அதன்மேல் ஏழெட்டு கோட்டு பச்சை பெயிண்ட்.

வெள்ளிக்கிழமை அவர் மகளைப் பெண் பார்க்க வானூரிலிருந்து வருகிறார்கள். இன்னொரு கோட்டு பச்சையே அடித்தால் போதும் என்றார் வீட்டம்மா. நான் விடவில்லை. உள்ளே இருப்பது பர்மா தேக்கு, உரித்து பாலிஷ் போட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்று அளந்தேன். கதவு கெட்டால் இந்த வட்டாரத்தில் ஒருவரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயமும் உள்ளுக்குள் இருந்தது.

மூன்று நாள் பெயிண்ட் ரிமூவர் தடவி, ஸ்கிரேப்பரால் சுரண்டி உரித்தேன். அன்னத்தின் கண்ணில் அடைந்திருந்த பெயிண்ட்டைக் கோணி ஊசியால் நோண்டினேன். தேக்கு பளிச்சென்று வெளியே வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிமூவர் மிச்சம் இருந்தால் பாலிஷ் பிடிக்காது. தின்னரில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைக்க வேண்டும். நானோ அந்த வீட்டு போர்வெல் மோட்டாரைப் போட்டு, ஹோஸால் கதவைக் குளிப்பாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழன் காலை கதவு முழுக்க வெள்ளை பூத்திருந்தது. அன்னத்துக்கு உடம்பெல்லாம் தேமல். உப்பளக்காரர் என்னவென்று கேட்டார். எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல மேஸ்திரிக்கு வாய் வருமா?

"பழைய தேக்குங்க, பால் விடுது. தானா அடங்கிடும்."

அவர் விரலால் ஒரு இழுப்பு இழுத்து நாக்கில் வைத்தார்.

"ஏம்பா, முப்பது வருஷமா உப்பு வார்றேன். எங்கிட்டயே பால்னு சொல்றியே. போர் தண்ணியா வுட்ட?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவமானமாக இருந்தது. இந்தக் கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது என்றுதான் எங்கள் வீட்டிலும் கேன் வாங்குகிறோம். குடிக்கும்போது இருக்கிற புத்தி கழுவும்போது இல்லை.

பத்து கேன் தண்ணீர் வாங்கி வந்து நாள் முழுக்கத் துடைத்தேன். உப்பு போனது, ஆனால் மரம் காயவில்லை. வெள்ளிக்கிழமை கதவு பாலிஷ் இல்லாமல் ஈரமாக நின்றது, பக்கத்தில் துணியோடு நான். மாப்பிள்ளையின் அப்பா கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேலை ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுபடியும் மரத்தின்மேல் பழி போட வாய் துடித்தது.

"தப்பு என்னுதுங்க. உப்புத் தண்ணியில கழுவிட்டேன்."

கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்த வாரம் வீட்டம்மாவே போன் செய்து, கதவு காய்ந்துவிட்டது, பாலிஷ் போட வா என்றார். பிழைத்தேன் என்று ஓடினேன். வாசலிலேயே ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

"மொதல்ல இதைக் குடிச்சிப் பாருப்பா. அப்புறம் கதவைத் தொடு."

குடித்தேன். அன்றிலிருந்து எந்த வீட்டிலும், நாக்கில் வைத்துப் பார்க்காத தண்ணீரை நான் மரத்தில் விட்டதில்லை.