அடுப்பில் காட்டிய மடக்குக் கத்தி

சக்கை அரிந்த கத்தியை எங்கள் வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவ மாட்டார்கள். எத்தனை தேய்த்தாலும் அந்தப் பிசின் போகாது. அடுப்பில்தான் காட்டுவார்கள். தீயில் பிசின் இளகியதும் பழைய செய்தித்தாளால் ஒரு இழுப்பு இழுத்தால் கத்தி சுத்தம். பலாப்பழத்தைத்தான் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சக்கை என்றுதான் வாயில் வரும். அம்மா செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பத்து வயதில் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே வீட்டுவேலை அது. அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

அப்போது நாங்கள் வலியசாலையில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடு இருந்தார். ரப்பர் நர்சரிகளில் பட்டிங் செய்வது அவர் வேலை. நல்ல மரத்துக் கிளையிலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு பெயர்த்து எடுக்க வேண்டும். இளங்கன்றின் தண்டில் அதே அளவுக்குப் பட்டையைக் கீறித் திறந்து, மொட்டை உள்ளே வைத்து பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். வெட்டு சுத்தமாக இருந்தால் மொட்டு பிடித்துக்கொள்ளும். பட்டை கொஞ்சம் நசுங்கினாலும் காய்ந்துவிடும். வேலை இருக்கும் நாட்களில் நர்சரிக்காரர்கள் தெருமுக்குக் கடைக்கு போன் செய்து மாமாவைக் கூப்பிடுவார்கள்.

மாமாவிடம் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. ஒரு நர்சரி முதலாளியின் மகன் ஜப்பானிலிருந்து வந்தபோது கொடுத்தது. பித்தளைத் தகட்டை மடித்துச் செய்த பிடி. அலகின் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு கோடு ஓடும். கோட்டுக்கு மேலே மங்கல், கீழே பளபளப்பு. நான் அதை விரிசல் என்று நினைத்தேன்.

“விரிசலாம். போடே, இது ஒத்த இரும்பு இல்ல கேட்டியா, மூணு அடுக்கு” என்றார் மாமா. “நடுவுல ஒரு எஃகு இருக்கு, அதுதான் வெட்டும். ஆனா அது தனியா இருந்தா வளையாது, படக்குன்னு ஒடிஞ்சு போவும். அதனால ரெண்டு பக்கமும் மெத்துன்னு இரும்பு வச்சு அணைச்சிருக்கான்.”

நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, ஓர் ஆணியை எடுத்து அலகின் பக்கவாட்டில் கீறினார். கோடு விழுந்தது. விளிம்பில் கீறினார். ஆணி வழுக்கிக்கொண்டு போனது. சொந்தப் பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி அவர் முகம் இருந்தது.

பொன்முடிக்குப் போகிற வழியில் ஒரு பெரிய தோட்டத்தில் நிரந்தர வேலைக்கு பட்டிங்காரர் ஒருவரை எடுக்கப்போவதாகத் தகவல் வந்தது. அவரவர் கத்தியோடு வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து காட்ட வேண்டும். மாமாவுக்கு முப்பத்திரண்டு வயது. “இது கெடச்சா தை மாசத்துல பொண்ணு பார்த்திரலாம்” என்று அம்மா அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னையும் கூட்டிப்போகிறேன் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து அரைச் சக்கை வந்தது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மாமா முடிவெட்டப் போயிருந்தார். வீட்டுக் கத்தி எதிரிலேயே கிடந்தது. ஆனால் மாமாவின் கத்தி அலமாரியில் இருந்தது. அதில் அரிந்தால் பழத்துக்கே வேறு ருசி வரும் என்று எனக்குத் தோன்றியது.

நாலு சுளை தின்ற பிறகுதான் பார்த்தேன். கத்தி மடங்கவில்லை. பிடிக்குள், ஆணி முடுக்கிய இடம் வரைக்கும் பிசின் போய் அடைந்திருந்தது. இழுத்தும் தள்ளியும் பார்த்தேன். பிறகு அம்மாவின் வைத்தியம் நினைவுக்கு வந்தது. கேஸைப் பற்றவைத்து, இடுக்கியால் கத்தியைப் பிடித்துத் தீயில் காட்டினேன். பிசின் பொரிந்தது. அலகு முதலில் வைக்கோல் நிறமானது, அப்புறம் காப்பி நிறம், அப்புறம் ஊதா, கடைசியில் மயில் கழுத்து மாதிரி நீலம். இத்தனை அழகை அந்தக் கத்தி உள்ளே ஒளித்துவைத்திருந்ததா என்று ஆச்சரியப்பட்டேன். ஆறியதும் பாத்திரம் தேய்க்கும் பொடி போட்டு நிறம் போகிறவரை தேய்த்தேன். கத்தி படக்கென்று மடங்கியது. பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மாமா கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டினார். “இன்னைக்கு என்ன, கல்லு தொட்டதுமே கூர் ஏறுது” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் சுத்தம் செய்ததால்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் தோட்டத்தில் மாமாவோடு சேர்த்துப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். “மச்சானுக்கு இந்த வேலை உறப்பாக் கெடைக்கும், பிறகு நாங்க எதுக்கு வந்தோம்?” என்று ஒருவர் மாமாவைச் சீண்டினார். மாமா சிரித்துக்கொண்டே முதல் வரிசையில் குந்தினார். நான் பக்கத்தில் நின்று நாடா எடுத்துக் கொடுத்தேன்.

முதல் கன்று நன்றாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் கத்தி பட்டையில் இறங்காமல் இழுபட்டது. நான்காவதில் மொட்டு நசுங்கி, பால் வழிந்தது. மாமா கல்லை எடுத்துத் தீட்டினார். மறுபடியும் இரண்டு கன்று, மறுபடியும் மழுங்கல். அவர் விளிம்பில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து விளிம்பின் மேல் இழுத்தார். கோடு விழுந்தது. கத்தியை முழுக்க விரித்து, அலகு பிடிக்குள் நுழைகிற இடத்தைப் பார்த்தார். அங்கே என் பொடிக்கு எட்டாத மூலையில் ஒரு நகத்தளவு நீலம் இருந்தது.

“மருமோனே, சக்கை நல்ல மதுரமா இருந்துச்சா?” என்று மெதுவாகக் கேட்டார்.

இவருக்கு எப்படித் தெரிந்தது? மணம் அடிக்கிறதா? “ஆமா மாமா” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கன்றுக்குப் போனார்.

மற்றவர்கள் முடித்து எழுந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் வந்து குனிந்து, நசுங்கிய மொட்டுகளைப் பார்த்தார்.

“எந்தா அண்ணாச்சி, கத்தி சரியில்லே?” என்றவர் என்னைப் பார்த்தார். “இந்தப் பையன் எடுத்துக் களிச்சதாணோ?” நான் எடுத்து விளையாடினேனா என்று கேட்கிறார். பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

“ஏய், அவன் ஒண்ணும் செய்யல சார்” என்றார் மாமா. “கத்தி நல்ல கத்தி. எனக்குக் கைதான் கொஞ்ச நாளா கெடந்து விறைக்குது, ஒரு நடுக்கம்.”

யாரும் சிரிக்கவில்லை. சீண்டிய ஆள்கூடத் தன் கத்தியை மடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தும் மாமா அதையேதான் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து அழுதாள். தைலம் வாங்கித் தேய்த்தாள். நான் திருட்டுத்தனமாகச் சக்கை அரிந்ததை மாமா போட்டுக் கொடுக்கவில்லை, மாமா நல்லவர் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். அவர் கை நடுங்குகிறது என்பதையும் நம்பினேன். பாவம் என்று பரிதாபப்பட்டேன்.

தீ பட்டால் கத்தி சாகும் என்று எனக்குத் தெரிந்தது இருபத்துநாலாவது வயதில், ஒரு லேத் பட்டறையில் உதவியாளாக இருந்தபோது. ஒருவன் சாணைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்து ஓர் உளியை நீலமாக்கிவிட்டான். மேஸ்திரி அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார். “நீலம் கேறியாச்சுல்லா, இனி இதுல வெண்ணெதான் வெட்டலாம்” என்றார். நான் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். தலைசுற்றலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அது எல்லாம் பின்னால். பத்து வயதில் எனக்குத் தெரிந்தது, முக்குக் கடைக்கு மாமாவைக் கேட்டு போன் வருவது நின்றுவிட்டது என்பது மட்டும்தான். கை விறைக்கிறவனை எந்த நர்சரியில் கன்றுக்குப் பக்கத்தில் விடுவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மாமா கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்து வைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். என் பள்ளிக்கூட பஸ் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகும். இனி பஸ்ஸிலிருந்தே மாமாவைத் தினமும் பார்க்கலாம், அவருக்கு எவ்வளவு நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.